நூரிக்கு எடுத்த பாலிசி

பூந்தமல்லி வட்டாரத்தில் தன் குதிரை மேல் ஏறாமல் எவனுக்கும் கல்யாணம் நடந்ததில்லை என்று நஜீர் சொல்லிக்கொள்வார். அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனால் மீதிப் பாதியே ஒரு மனிதனுக்குப் போதுமான பெருமைதான். முந்தாநாள் வரை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஸ்கூட்டரில் போய்வந்தவனுக்கு அந்த ஒரு சாயங்காலம் மட்டும் ராஜாவாக வேண்டியிருக்கிறது. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டப வாசல் வரைக்கும் உள்ள இருநூறு மீட்டரை வெள்ளைக் குதிரை மேல் கடக்காவிட்டால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதுபோல ஒரு வழக்கம் எங்கிருந்தோ வந்து இந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. முஸ்லிம் வீடு, சேட்டு வீடு, தெலுங்குக்காரர் வீடு என்று நஜீரின் குதிரை நூரி வித்தியாசம் பார்த்ததில்லை. யார் ஏறினாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு, பேண்டுக்காரர்களின் இரைச்சலுக்கு நடுவே தூங்கிக்கொண்டே நடப்பதுபோல நடக்கும்.

அப்படிப்பட்ட நூரியை ஒரு நாள் மண்டப வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

திருவேற்காடு போகும் சாலையில் இருந்த பெரிய மண்டபம் அது. மேனேஜர் சண்முகசுந்தரம் காகிதத்துக்கு மரியாதை கொடுப்பவர். கேஸ் சிலிண்டருக்குக் காகிதம், ஜெனரேட்டருக்குக் காகிதம், வாசலில் கட்டும் வாழை மரத்துக்குக்கூட ஏதாவது காகிதம் இருந்தால் நிம்மதியாக இருப்பார். எல்லாவற்றின் நகலையும் வாசலிலுள்ள பலகையில் குத்திவைப்பார். போன மாதம் வேறொரு மண்டபத்தில், வேறொருவருடைய குதிரை, சரவெடிக்கு மிரண்டு மாப்பிள்ளையை டிரம்ஸ்காரர் மேல் தள்ளிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. டிரம்ஸ்காரருக்கு டிரம் போயிற்று. இரண்டையும் மண்டபம்தான் சரிசெய்ய வேண்டியதாயிற்றாம்.

"இனிமே இன்சூரன்ஸ் பேப்பர் இல்லாம ஒரு குதிரையும் கேட்டுக்குள்ள வராது பாய்," என்றார் சண்முகசுந்தரம், பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"இன்னா சார் இது? எட்டு வருஷமா வந்துகினு கீறேன். நூரி யாரையாவது ஒதைச்சிருக்குதா? ஒரு கொசுவைக்கூட அடிக்காது சார். நீங்களே பாருங்க, எப்டி நிக்குது."

சண்முகசுந்தரம் பார்க்கவில்லை. "குதிரை நல்ல குதிரைன்னு குதிரையா எழுதிக் குடுக்கும்? பேப்பர் கொண்டாங்க. இந்த ரோட்டுல இருக்கிற நாலு மண்டபமும் பேசி முடிவெடுத்தாச்சு."

நாலு மண்டபமும் என்றதும் நஜீர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த நாலு மண்டபங்களும் போனால் நூரிக்கு வேலையில்லை. வேலையில்லாத குதிரைக்குக் கொள்ளும் புல்லும் போட்டு வைத்துக்கொள்ள அவர் நவாப் இல்லை. விற்கத்தான் வேண்டும். வாங்குகிறவர்கள் யாரென்று அவருக்குத் தெரியும். கடற்கரை மணலில் விலா எலும்பு தெரிய நின்றுகொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு சவாரி என்று நாள் முழுக்க ஓடும் குதிரைகளை அவர் பார்த்திருக்கிறார். நூரி அந்த மணலில் நிற்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மண்ணூர்பேட்டையில் ரெனிஷ் என்று ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இருந்தான். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் பாலிசி போட்டுப் பழகியவன். குதிரை என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் கம்பெனியில் இதுவரை யாரும் குதிரைக்குப் போட்டதில்லையாம். மறுநாளே டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு வந்து, நஜீர் வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்ட லாயத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பாய், ரிஸ்க்குன்றது சொல்லிட்டு வராது. நாமதான் முன்கூட்டியே பிளான் பண்ணணும். குதிரைக்கு ஒண்ணு, மேல ஏர்றவருக்கு ஒண்ணு, வழியில போறவன் மேல இடிச்சா அதுக்கு ஒண்ணு. மூணையும் சேத்து ஒரே பேக்கேஜாப் போட்டுரலாம்." பிறகு டேப்லெட்டைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் கறக்கும்?"

"யாரு, நூரியா?"

"மாட்டுக்கான ஃபாரம் பாய். குதிரைக்குத் தனியா இல்ல. காலியா உட்டா சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது."

பால் பூஜ்யம் லிட்டர் என்று போட்டார்கள். அடுத்து, உழவுக்குப் பயன்படுமா என்று கேட்டது. பயன்படாது. இப்படியாக அந்தக் கம்பெனியின் கணக்கில் நூரி ஒன்றுக்கும் உதவாத ஒரு மாடாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நஜீரின் மனைவி ரோஷன் பேகம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்பறம் பாய், வர்ற வியாழக்கிழமை டாக்டர் வருவாங்க. கலரு, வயசு, மச்சம், சுழி எல்லாம் பாத்து சர்டிஃபிகேட்ல எழுதுவாங்க. அதான் முதல் பக்கம். அந்தக் காப்பியைத்தான் மண்டபத்துல கேப்பாங்க."

"சுழியுமா?" என்றார் நஜீர். அவர் குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது.

"அடையாளம் பாய். ஒரு சுழியும் விடமாட்டாங்க."

ரெனிஷ் போனதும் நஜீர் லாயத்துக்குள் போய், நூரியின் முதுகில் போட்டிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அங்கே அவை இருந்தன. முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அளந்து வைத்தாற்போல இரண்டு சுழிகள். பாடைச் சுழி. பாடையின் இரண்டு மூங்கில்களைப் போல முதுகில் இணையாக ஓடும் சுழி இருந்தால், அந்தக் குதிரையில் ஏறுகிறவன் அதிக நாள் இருக்கமாட்டான் என்பது சுழி பார்ப்பவர்களின் தீர்ப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தியூர்ச் சந்தையில், இப்படி ஒரு பால்வெள்ளைக் குதிரை மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்ததே அந்தச் சுழிகளால்தான். கூட வந்திருந்த மச்சான் பைசல், ரோஷன் பேகத்தின் தம்பி, கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நஜீர் கேட்கவில்லை. சுழியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எட்டு வருஷமாகப் பத்து ஊர் மாப்பிள்ளைகளை அந்தப் பாடை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டிருக்கிறார். எல்லாரும் உயிரோடு குழந்தை குட்டிகளோடு இருக்கிறார்கள். இரண்டு பேர் விவாகரத்து வாங்கியதற்கு நூரி பொறுப்பில்லை.

ஆனால் வாடிக்கைக்காரர்களுக்கு நம்பிக்கை உண்டே! மாப்பிள்ளையின் தாய்மாமன்களில் ஒருவனுக்காவது மாடு பார்த்து, சுழி பார்த்துப் பழக்கமிருக்கும். அதனால்தான் நூரியின் முதுகை எட்டு வருஷமாக வெயில் பார்த்ததில்லை. ஊர்வலத்தில் சேணம், வீட்டில் சாக்கு. சளி பிடிக்கிற உடம்பு என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். இப்போது அதை ஒரு டாக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்து, எழுதி, முத்திரை குத்துவார், சண்முகசுந்தரம் அதை மண்டப வாசல் பலகையில் குத்திவைக்கப் போகிறார். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அன்று சாயங்காலமே நஜீர் சேக்காட்டுக்குப் போனார். பைசலிடமும் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. ராணி என்று பெயர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிறந்தநாள் குழந்தைகளை ஏற்றி இரண்டு சுற்று சுற்றுவதுதான் அதற்கு வேலை. நூரியின் உயரம், நூரியின் நிறம். சுழி மட்டும் அப்பழுக்கில்லாதது.

"ஒரே ஒரு நாளு குடு மச்சான். டாக்டரு பாத்து எழுதிக்கினு போனதும் வண்டில ஏத்தி அனுப்பிடறேன்."

"எழுதறது ராணிய, ஓட்றது நூரியவா?" பைசல் சிரித்தான். "மாட்டிக்காதீங்க மச்சான்."

"யார்றா பாக்கப்போறா? வெள்ளைக் குதிரன்னா வெள்ளைக் குதிர."

வியாழக்கிழமை காலையில் நூரியைப் பின் சந்தில் இருந்த மரக்கடையில் கட்டிவிட்டு, ராணியை லாயத்தில் நிறுத்தினார்கள். டாக்டர் வடிவு ரெனிஷின் பைக்கில் வந்து இறங்கினார். சுறுசுறுப்பான அம்மாள். வேலையில் பொய் கிடையாது என்பது அவர் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. நெற்றி, கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். முதுகைத் தடவியபோது நஜீர் மனசுக்குள் பைசலை வாழ்த்தினார். மாட்டுக்கு அடிப்பதுபோலக் காதில் மஞ்சள் டேக் அடித்துவிடுவார்களோ, கல்யாணக் குதிரைக்கு மஞ்சள் டேக் எப்படிப் பொருந்தும் என்றுதான் அவர் பயந்துகொண்டிருந்தார்.

"டேக் எல்லாம் இல்ல பாய்," என்றான் ரெனிஷ் பெருமையோடு. "உங்களுக்காகப் பேசி சிப் வாங்கிட்டேன்."

அது என்ன என்று கேட்பதற்குள் டாக்டர் வடிவு ஒரு தடித்த ஊசியை ராணியின் கழுத்தில் ஏற்றி எடுத்துவிட்டார். கையிலிருந்த கருவியைக் கழுத்தருகே கொண்டுபோனதும் அது ஒரு தடவை கூவியது. திரையில் நீளமாக ஒரு எண் வந்தது. ரெனிஷ் அந்த எண்ணை டேப்லெட்டில் தட்டி, கீழே பெயர் போட்டான்: நூரி.

"இத எப்போ டாக்டர் எடுப்பீங்க?" என்று கேட்டார் நஜீர்.

"எடுக்கிறதா? அரிசி மணி அளவுதாங்க. அது பாட்டுக்கு ஆயுசு பூரா உள்ளேயே இருக்கும். உடம்பு மாறினாலும் நிறம் மாறினாலும் இது மாறாது. இனிமே உங்க குதிரையை யாராலயும் மாத்த முடியாது."

நஜீர் தலையாட்டினார். வேறு என்ன செய்வது?

பாலிசி வந்தது. இருபத்திரண்டு பக்கம். ஏழாவது நிபந்தனை மட்டும் கொஞ்சம் உதைத்தது: சவாரி செய்கிறவர் தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும். தலைப்பாகை கட்டி, முகத்தில் மல்லிகைச் சரம் தொங்கவிட்ட மாப்பிள்ளைக்கு ஹெல்மெட் எங்கே போடுவது? ரெனிஷ்தான் வழி சொன்னான். கிளம்புவதற்கு முன்னால் ஹெல்மெட்டோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, பிறகு கழற்றிவிடலாம். அப்படித்தான் அந்த சீசன் முழுக்க நடந்தது. ஒவ்வொரு மாப்பிள்ளையும் ஜரிகை ஷெர்வானிக்கு மேலே நஜீரின் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பீட்சா கொண்டுபோகிறவன் போல ஒரு படத்துக்கு நின்றான். சண்முகசுந்தரம் காகிதத்தின் முத்திரையைப் பார்த்தார், பலகையில் குத்தினார், கேட்டைத் திறந்தார். வேலை செய்தது நூரி, பாதுகாப்பில் இருந்தது ராணி. நஜீருக்கு இரவில் நல்ல தூக்கம் வந்தது. இதுதான் ரிஸ்க் பிளானிங் என்று ரோஷன் பேகத்திடம் ஒரு முறை சொல்லவும் சொன்னார்.

தை முடியும் சமயம், ஒரு காலையில் அவர் நூரியின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தபோது ரெனிஷிடமிருந்து போன் வந்தது.

"பாய், உக்காந்துகினு கீறீங்களா?" அவன் குரல் தழுதழுத்தது. "மனசத் திடப்படுத்திக்குங்க. நூரி போயிடுச்சு பாய்."

நஜீர் நூரியைப் பார்த்தார். நூரி அவர் சட்டைப் பையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க போச்சு?"

"இறந்துடுச்சு பாய். சேக்காட்டுல. வடிவு டாக்டர் இப்பதான் போன் பண்ணாங்க."

விஷயம் இதுதான். பைசலின் அடுத்த வீட்டில் ஒரு விசேஷம். மிச்சமான சோற்றை யாரோ ஆசையாக ஒரு அண்டா நிறையக் கொண்டுவந்து ராணிக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். குதிரைக்கு வேகவைத்த சோறு வயிற்றில் அடைத்துக்கொள்ளும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறது. பைசல் பதறிப்போய் ஆவடிப் பக்கத்தில் கிடைத்த டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறான். வந்தவர் வடிவு. அவர் கருவியைக் கழுத்தில் வைத்துப் பார்த்ததும், அட, இது நஜீர் பாயின் நூரியாயிற்றே என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவோ மருந்து ஏற்றியும் பிழைக்கவில்லை. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லாவிட்டால் பணம் வராதே, பாவம் பாய் துக்கத்தில் மறந்துவிடுவாரே என்று நல்ல மனசோடு அவரே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ராணியை நினைத்து நஜீர் வருந்தினார், அவர் ஒன்றும் கல் நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று அவருக்கு உறைத்தது. இல்லை, நூரி உயிரோடுதான் இருக்கிறது என்று சொன்னால், சிப் போட்டது எந்தக் குதிரைக்கு என்று கேட்பார்கள். ஆள்மாறாட்டம், மோசடி, கேஸ். இத்தனை நாள் ஹெல்மெட்டோடு நின்ற அத்தனை மாப்பிள்ளைகளும் சாட்சி. சொல்லாவிட்டால் நூரி செத்தது செத்ததுதான்.

"பாய்? இருக்கீங்களா?"

"கீறேன் தம்பி," என்றார் நஜீர். "இன்னா பண்றது, அல்லா எழுதினது."

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து சத்தியராஜ் என்று ஒரு விசாரணை அதிகாரி வந்தார். இருபது வருஷமாக எரிந்துபோன லாரிகளையும் நனைந்துபோன குடோன்களையும் விசாரித்த மனிதர். இறந்த குதிரையை வழக்கமாகக் கட்டும் இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றார். அதற்கு முன்னாலேயே நூரியை மரக்கடைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். சத்தியராஜ் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார். லாயத்துக்குள் எட்டிப் பார்த்தவர், அங்கே ஒரு வெள்ளைக் குதிரை நின்று கொள்ளு தின்பதைக் கண்டு இரண்டடி பின்னால் வந்தார்.

"இது யாருது?"

ரோஷன் பேகம் கதவுக்குப் பின்னால் கையைப் பிசைந்தாள்.

"என் மச்சானுது சார்," என்றார் நஜீர். "பைசலு. சேக்காடு. ராணின்னு பேரு. நம்ம நூரிய அவன் ஒரு வேலைக்கு இட்டுகினு போனான். பதிலுக்கு இத இங்க உட்டான்."

சத்தியராஜ் கருவியை நூரியின் கழுத்தருகே, கை முழுசாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். கருவி கூவவில்லை. திருப்தியாகத் தலையாட்டி எழுதினார்: லாயத்தில் மேலும் ஒரு வெள்ளைப் பெண் குதிரை காணப்பட்டது, அது திரு. பைசலுக்குச் சொந்தமானது என உரிமையாளர் தெரிவித்தார். கீழே நஜீர் கையெழுத்துப் போட்டார். தமிழில், தெளிவாக, தகப்பனார் பெயரோடு.

கம்பெனி அவ்வளவு சீக்கிரம் பணம் கொடுத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இருக்கப்போவதில்லை. சிப் சரியாக இருந்தது, டாக்டர் சான்று சரியாக இருந்தது, தகவல் நேரத்தோடு வந்திருந்தது. இப்படி ஒரு ஒழுங்கான வாடிக்கையாளரை அவர்கள் பார்த்ததே இல்லை. அம்பத்தூர்க் கிளையில் நஜீருக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படமும், பக்கத்தில் 'நூரியின் நினைவாக' என்று ராணியின் படமும் ரெனிஷ் வழியாக ஆயிரம் போன்களுக்குப் போயின. குதிரையை நேசித்தவர், குதிரைக்காகத் திட்டமிட்டவர் என்று கீழே எழுதியிருந்தது.

அதிலிருந்து துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேண்டு செட் முனியன் மாலையோடு வந்தார். இரண்டு பழைய மாப்பிள்ளைகள் பெண்டாட்டியோடு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நூரியை மரக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கிருந்து அது கனைக்கும். "யாரு குதிர பாய் அது?" என்று கேட்பார்கள். "எவனுதோ," என்று சொல்வார் நஜீர். சொல்லும்போது வாய் கசக்கும்.

ஒரு வாரம் கழித்துப் பைசல் வந்தான். நஜீர் அவனுக்கு முன்னால் வங்கிப் புத்தகத்தை எடுத்துவைத்தார்.

"செத்தது உன் ஜீவன்டா. எல்லாத்தையும் எடுத்துக்க."

பைசல் அதைத் தொடவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தான், பிறகு லாயத்தைப் பார்த்தான்.

"மச்சான், கோச்சுக்காதீங்க. பணம் நூரிக்கு வந்த பணம். அது உங்களுது. ராணி என்னுது. ராணி உயிரோட கீதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

"பைசலு!" என்றாள் ரோஷன் பேகம்.

"நான் ஆசப்பட்டு கேக்கலக்கா. நீயே சொல்லு. செத்துப்போன குதிரைய எத்தினி நாளைக்கு மரக்கடையில ஒளிச்சுவெப்பாரு? யாரோ ஒருத்தன் பாத்து கம்பெனிக்கு போன் போட்டா மச்சான் உள்ள போவாரு, நானும் கூடப் போவேன். என்னாண்ட இருந்தா அது ராணி. தாராளமா ரோட்டுல போலாம், கல்யாணத்துக்குப் போலாம். உங்களாண்ட இருந்தா அது பொணம்."

நஜீருக்குக் கோபம் வந்தது. அவனை அடிக்கலாம் போலக்கூட இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. "அந்தப் பணத்துல வேற ஒண்ணு வாங்கிக்கலாம்ங்க," என்று ரோஷன் பேகம் மெதுவாகச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில், அவள் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

நூரியை வண்டியில் ஏற்றும்போது அவரே ஏற்றினார். மற்றவர்கள் பிடித்தால் அது ஏறாது.

சேக்காட்டிலும் மண்டபக் கட்டுப்பாடு வந்துவிட்டிருந்ததால் பைசலும் பாலிசி எடுக்க வேண்டியிருந்தது. மறுபடி ரெனிஷ், மறுபடி பூஜ்யம் லிட்டர் பால், மறுபடி டாக்டர் வடிவு. குதிரை அசையாமல் நிற்பதற்காக நஜீரைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை மறைக்க வேறு குதிரை கிடையாது. டாக்டர் சாக்கைத் தூக்கினார். இரண்டு சுழிகள் மேலும் விரலை ஓட்டினார். எழுதினார். நஜீர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா எழுதினீங்க டாக்டர்?"

"முதுகுல ரெண்டு சுழி, இணையா. நல்ல அடையாளம்ங்க இது."

"அது பாடைச் சுழிம்மா."

"அப்படின்னா?"

நஜீர் விளக்கிச் சொன்னார். டாக்டர் வடிவு பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்களுக்குக் காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லைங்க. நாங்க இங்கிலீஷ்ல ரெண்டு முடிச் சுழின்னு எழுதுவோம், அவ்வளவுதான். எங்க இருக்குன்னு எழுதுவோம், எதுக்குன்னு எழுதமாட்டோம்."

அந்தச் சான்றிதழைத்தான் பைசல் திருவேற்காட்டுச் சாலை மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். பலகையில் குத்தினார்கள். பெண்ணின் தாய்மாமன்கள் அதைக் கடந்து போனார்கள். பிள்ளையின் தாய்மாமன்கள் அதன் மேல் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டார்கள். ஒரு ஆள்கூட அதைப் படிக்கவில்லை. நஜீர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அங்கே கூலிக்கு வந்திருந்தார். ராணி பைசலின் சொல்லுக்குப் படியவில்லை, ஊர்வலத்துக்கு நஜீர்தான் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று பைசல் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒருத்தரும் படிக்காத ஒரு காகிதத்துக்குப் பயந்து நூரியைக் கொன்றுவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. உட்கார இடம் தேடினார். கிடைக்கவில்லை. நூரியின் கழுத்திலேயே சாய்ந்துகொண்டார். கண்ணில் நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சண்முகசுந்தரம் பார்த்துவிட்டார். அவரும் மனிதர்தானே. பேரேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். எட்டு வருஷத்தில் முதல்முறையாகக் குதிரையைத் தலையிலிருந்து வால் வரை நின்று பார்த்தார்.

"போட்டோ வந்துச்சு பாய், வாட்ஸப்புல. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு," என்றார். "இது உங்க மச்சானுதா?"

"ஆமா சார்."

"பரவாயில்ல. ஆனா நூரி மாதிரி வருமா? அந்தக் களை இதுக்கு இல்ல பாய். பாத்தாலே தெரியுது."

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. பேண்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். முன்னாலிருந்து பைசல், "மச்சான், ராணிய நடத்துங்க!" என்று கத்தினான்.

"ராணி," என்றார் நஜீர். "நட ராணி."

குதிரை அசையவில்லை. காதைத் திருப்பிவைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தபடி நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் சண்முகசுந்தரம் அனுதாபத்தோடு. "உங்க நூரியா இருந்தா ஒரே சொல்லுக்கு இந்நேரம் வாசல்ல போய் நின்னிருக்கும்."

"நின்னிருக்கும் சார்," என்றார் நஜீர்.

அந்த ஒரு சொல் அவர் நாக்கு நுனியில் இருந்தது. சண்முகசுந்தரம் பக்கத்திலேயே நின்றார். நஜீர் கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்து, எட்டு வருஷத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். வெடுக்கென்று இழுத்தார். குதிரை வாயைத் திறந்து வலியோடு தலையை உதறியது. பிறகு அவர் பின்னால் நடந்தது.